இரண்டு வரைபுகள், ஒரே படம்: ரியூட் தயாரிக்கிறவர்களுக்கு

பதினோராம் வகுப்புக்கு இருபடிச் சார்பு படிப்பித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ரியூட்டில், அதாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளில், இடப்பக்கம் வை = எக்ஸ்², வலப்பக்கம் வை = (எக்ஸ் − 1)² − 1 என்று இரண்டு வரைபுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தேன். அதே பரவளைவுதான் வலப்பக்கம் ஓர் அலகும் கீழே ஓர் அலகும் நகர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை ரூலரை வைத்து இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், வலப்பக்கத்துப் படம் விரிஞ்சு கிடக்கே. அப்ப எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால இருக்கிற குணகம் குறைஞ்சிட்டா?"

அவன் கேட்டது சரியான கேள்வி. பிழை என் படத்தில். ஜியோஜெப்ரா என்ற வரைபு மென்பொருளில் இரண்டு கிராஃபிக்ஸ் சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் மவுஸ் சில்லால் பெரிதாக்கிச் சிறிதாக்கி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வேர்ட் கோப்பில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் இடப்பக்கத்தில் ஓர் அலகு ஒரு நீளம், வலப்பக்கத்தில் ஓர் அலகு இன்னொரு நீளம். படம் பொய் சொல்லிவிட்டது.

இரண்டு வரைபுகளை ஒன்றாக வைப்பது ஒப்பிடத்தான். அளவு வேறானால் ஒப்பிட ஒன்றும் இல்லை. அதனால் இப்போது நான் வேலையைத் தாளிலிருந்து தொடங்குகிறேன். திரைக்கு அப்புறம்தான் போகிறேன். அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மென்பொருள் ஜியோஜெப்ரா கிளாசிக் 5, இரண்டு படங்களையும் சேர்க்க லிப்ரே ஒபிஸ் ட்ரோ. இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. மார்கழி மழைக்கு மட்டக்களப்பில் கரண்டும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே இது சின்ன வசதியல்ல.

ஒரு சொல் முன்கூட்டியே: மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் தாள்

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 17. அதற்குள் 8 சென்டிமீட்டரில் ஒரு வரைபு, 1 சென்டிமீட்டர் இடைவெளி, மறுபடி 8 சென்டிமீட்டரில் ஒரு வரைபு. 8 + 1 + 8 = 17. இதைவிட அழகாக ஒரு கணக்கு அமையாது.

அப்புறம் ஓர் அலகு தாளில் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். 1 அலகு = 1 சென்டிமீட்டர் என்று வைத்தால் பிள்ளைகள் தங்கள் ரூலராலேயே படத்தை அளக்கலாம். ஒரு வரைபில் கிடையாக 8 அலகு, நிலைக்குத்தாக 8 அலகு கிடைக்கும். க.பொ.த. சாதாரண தரத்தில் வரும் பரவளைவுகளுக்கு இது தாராளம்.

பிக்சல் கணக்கும் இதோடு முடிந்துவிடும். றிசோவில், அதாவது நிறையப் பிரதி அடிக்கும் மெஷினில், அடிக்க ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். 8 ஐ 2.54 ஆல் வகுத்து 300 ஆல் பெருக்கினால் 945. 17 சென்டிமீட்டருக்கு அதே கணக்கில் 2008. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி மேசையில் வையுங்கள், பிறகு சரிபார்க்க உதவும்.

ஸ்கிரீன்ஷொட் ஏன் சரிவராது என்பதும் இப்போது தெரியும். பழைய லப்டொப் திரைகளில் அகலம் 1366 பிக்சல். மெனு, பக்கப் பட்டை எல்லாம் கழித்தால் இரண்டு வரைபுக்கும் சேர்த்து ஆயிரம் அளவில் மிஞ்சும். தேவைப்படுவதில் பாதி. திரையில் பளிச்சென்று இருக்கும், தாளில் கோடுகள் மயிர்கொட்டிப் பூச்சி மாதிரிச் சிலிர்த்து நிற்கும்.

ஜியோஜெப்ராவில்: ஒரே சாளரம் போதும்

ஜியோஜெப்ராவை 2001 இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காக மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கினார். வகுப்பறைக்கென்றே உருவானதால் ஆசிரியர் கைக்கு நன்றாக வசப்படும். ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது நேராக வழி வைக்கவில்லை. கிராஃபிக்ஸ், கிராஃபிக்ஸ் 2 என்று இரண்டு சாளரங்களைப் பக்கம் பக்கமாகத் திறக்கலாம். படமாக ஏற்றுமதி செய்தால் நீங்கள் கடைசியாகக் கிளிக் செய்த சாளரம் மட்டும்தான் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் இங்கே ஒரு தடவை முட்டுவார்கள். மற்றப் பாதி எங்கே போனது என்று நானும் தேடியிருக்கிறேன்.

இரண்டாவது சாளரத்தை விட்டுவிடுங்கள். இரண்டு சார்புகளையும் ஒரே சாளரத்தில் வரையுங்கள். ஒன்றை மறைத்து மற்றதை ஏற்றுமதி செய்யுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். சட்டகம் ஒன்றே என்பதால் அளவு பிழைக்க வழியே இல்லை. என் பழைய படத்தில் நடந்தது இதில் நடக்காது.

புதுக் கோப்பைத் திறந்ததும் கண்ட்ரோல் எம் அடியுங்கள். காட்சி வழமையான நிலைக்கு வரும்: ஓர் அலகுக்கு 50 பிக்சல், இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு. இந்த 50 முக்கியம், எழுத்தளவைச் சொல்லும்போது திரும்ப வரும். இதற்குப் பிறகு மவுஸ் சில்லைத் தொடாதீர்கள்.

கீழே உள்ள உள்ளீட்டுப் பெட்டியில் முதல் சார்பு: எஃப்(எக்ஸ்) = எக்ஸ்^2. என்டர். அடுத்தது: ஜி(எக்ஸ்) = (எக்ஸ் − 1)^2 − 1. என்டர். இரண்டு பரவளைவும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். நிற்கட்டும்.

இப்போது சட்டகம். ஜியோஜெப்ராவில் அதிகம் பேர் அறியாத ஒரு வசதி இருக்கிறது. எக்ஸ்போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லை முதல் எழுத்துப் பெரியதாக எழுதி, அடிக்கோடு போட்டு 1 என்று பெயரிட்ட ஒரு புள்ளியும், அதேபோல 2 என்று பெயரிட்ட இன்னொரு புள்ளியும் இருந்தால், அவை இரண்டையும் எதிர்மூலைகளாகக் கொண்ட செவ்வகம் மட்டுமே படமாக வெளியே வரும். திரையில் வேறு என்ன இருந்தாலும் கணக்கில்லை. உள்ளீட்டுப் பெட்டியில் அடியுங்கள்:

எக்ஸ்போர்ட்_1 = (−3.5, −1.5)
எக்ஸ்போர்ட்_2 = (4.5, 6.5)

பெயரின் 1, 2 ஆகியன திரையில் கீழ்க்குறியாகச் சின்னதாகத் தெரியும். அகலம் −3.5 இலிருந்து 4.5 வரை 8 அலகு. உயரம் −1.5 இலிருந்து 6.5 வரை 8 அலகு. தாளுக்குப் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஏன் அரை அரையாக? முதல் தடவை நான் −4 இலிருந்து 4 வரை என்று முழு எண்களில் வைத்தேன். படத்தின் ஓரத்தில் −4 இன் பாதி வெட்டுப்பட்டு, வெறும் கோடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓரங்களை இரண்டு முழு எண்களுக்கு நடுவில் வைத்தால் எந்த எண்ணும் வெட்டுப்படாது.

ஒரு நிபந்தனை: இரண்டு புள்ளிகளும் திரையில் தெரியும் பகுதிக்குள் இருக்க வேண்டும். மேல்மூலைப் புள்ளி மெனுவுக்கு மேலே போய் மறைந்திருந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திரையைக் கீழே இழுத்து அதைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வெறுமையான இடத்தைப் பிடித்து இழுப்பதால் அளவு மாறாது, அச்சைப் பிடித்து இழுத்தாலோ சில்லைச் சுழற்றினாலோதான் மாறும். இரண்டும் தெரிகின்றன என்று பார்த்த பிறகு, இடப்பக்கப் பட்டியலில் அவற்றின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு வட்டத்தைக் கிளிக் செய்து மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் இரண்டு மூலையிலும் நீலப் புள்ளி வந்து நிற்கும்.

எழுத்தும் கோடும்

ஏற்றுமதிக்கு முன் ஐந்து நிமிடம் இதில் செலவழியுங்கள். என் அனுபவத்தில் ரியூட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜியோஜெப்ராவின் வழமையான எழுத்தளவு 12. திரையில் நன்றாக வாசிக்கலாம். ஆனால் திரையில் 50 பிக்சல் தாளில் 1 சென்டிமீட்டர் ஆகப்போகிறது. அப்படியானால் 12 பிக்சல் எழுத்து 0.24 சென்டிமீட்டர். அச்சுக்காரர் எழுத்தளவுக்குச் சொல்லும் புள்ளி (பொயின்ட்) கணக்கில் ஏறத்தாழ 7. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்து எழுத்து மாதிரி. 18 என்று மாற்றினால் 0.36 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 10 புள்ளி, புத்தக எழுத்தளவு. ஆப்ஷன்ஸ் மெனுவில் ஃபொன்ட் சைஸ் என்ற இடத்தில் 18 ஐத் தெரிவு செய்யுங்கள்.

எழுத்துப் பெரிதானதும் அச்சில் எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகலாம். இடம் போதாது என்று மென்பொருளே முடிவெடுத்து 2, 4, 6 என்று தாவும். திரையின் வெறுமையான இடத்தில் வலது கிளிக் செய்து கிராஃபிக்ஸ் என்பதைத் திறந்து, கிடையச்சுக்கும் நிலைக்குத்தச்சுக்கும் உள்ள பக்கங்களில் டிஸ்டன்ஸ் பெட்டியில் சரி போட்டு 1 என்று கொடுங்கள். இனி அது நம் சொல் கேட்கும்.

நிறம். திரையில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு என்றால் வடிவாக இருக்கும். றிசோ ஒரு மைதான் பாவிக்கும், இரண்டும் சாம்பலாகிவிடும். வளைகோட்டைக் கறுப்பாக்குங்கள். ஒரே படத்தில் இரண்டு வளைகோடு வரவேண்டிய இடத்தில் ஒன்றை முறிகோடாக்குங்கள். பின்னணியில் உள்ள கட்டக் கோடுகள் மெல்லிய சாம்பல் நிறத்தில் வரும். மூலப் பிரதியில் தெரியும், நூறாவது பிரதியில் அங்கும் இங்கும் புள்ளிதான் மிஞ்சும். ஒன்றில் கட்டக் கோட்டை நிறுத்திவிடுங்கள், அல்லது இன்னும் கடுமையான நிறம் கொடுங்கள். நான் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் வரைபுத் தாளில் தாங்களே வரையும்போது கட்டம் அவர்களிடம் இருக்கும்.

ஏற்றுமதி

ஜி சார்பை மறையுங்கள். எஃப் மட்டும் தெரிய வேண்டும். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் கிராஃபிக்ஸ் வியூ அஸ் பிக்சர். குறுக்கு வழி கண்ட்ரோல் ஷிஃப்ட் யூ.

ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ஃபோர்மட் என்ற இடத்தில் பிஎன்ஜி. ஸ்கேல் என்ற இடத்தில் 1 அலகு 1 சென்டிமீட்டர் என்று வருமாறு வையுங்கள். ரெசலூஷன் 300. டிரான்ஸ்பரன்ட் என்பதில் சரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அதை விட்டால் பின்னணி வெள்ளையாக இருக்காது, ஒன்றுமே இல்லாமல் இருக்கும். அப்படிப் போன படம் சில தொலைபேசிகளில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு வளைகோடாகத் திறக்கும். ஒரு தடவை அனுப்பிவிட்டு, "சேர், வெறும் கறுப்புத்தான் வந்திருக்கு" என்று பதினைந்து செய்தி வாங்கினேன்.

சேமிக்கும் முன் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். 8 க்கு 8 சென்டிமீட்டர், 945 க்கு 945 பிக்சல் என்று இருக்க வேண்டும். ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. முற்றிலும் வேறு எண் தெரிந்தால் சட்டகப் புள்ளிகளின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது, அல்லது ஒரு புள்ளி திரைக்கு வெளியே போயிருக்கிறது. சரி என்றால் "இடம்" என்று பெயரிட்டுச் சேமியுங்கள்.

இப்போது எஃப் ஐ மறைத்து ஜி ஐக் காட்டுங்கள். வேறொன்றையும் தொடாமல் அதே ஏற்றுமதி, பெயர் "வலம்". வேலையில் பாதி முடிந்தது. ஜியோஜெப்ராக் கோப்பையும் மறக்காமல் சேமியுங்கள். அடுத்த வருடம் சார்பை மட்டும் மாற்றினால் போதும், சட்டகம் அப்படியே கிடக்கும்.

சேர்ப்பது

லிப்ரே ஒபிஸ் ட்ரோவைத் திறந்து, பக்கத்தின் பண்புகளில் அகலம் 17, உயரம் 9, ஓரங்கள் எல்லாம் 0 என்று கொடுங்கள். உயரத்தில் கூடுதலாக உள்ள ஒரு சென்டிமீட்டர் படத்துக்கு அடியில் (அ), (ஆ) எழுத. அளவு அங்குலத்தில் காட்டினால் பயப்பட வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சிஎம் என்று சேர்த்து அடித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

இன்சர்ட், இமேஜ் வழியாக இடப்படத்தைக் கொண்டுவாருங்கள். படத்தைத் தெரிவு செய்து எஃப்4 அழுத்துங்கள். இடமும் அளவும் கேட்கும் பெட்டி வரும். கிடை இடம் 0, நிலைக்குத்து இடம் 0, அகலம் 8, உயரம் 8. அடுத்து வலப்படம்: கிடை இடம் 9, நிலைக்குத்து இடம் 0, அகலம் 8, உயரம் 8. அவ்வளவுதான். கையால் இழுத்து ஒட்டும்போது ஒரு படம் மற்றதைவிட மயிரிழை கீழே இறங்கும், இரண்டு கிடையச்சும் நேர்கோட்டில் வராது. எண்ணைக் கொடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கிடையச்சு இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்பதால், வலப்பக்கத்துத் திரும்பல் புள்ளி ஓர் அலகு கீழே இறங்கியிருப்பது பளிச்சென்று தெரியும்.

பிறகு ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் எழுத்துப் பெட்டி வைத்து (அ), (ஆ) என்று போடுங்கள். சார்பின் சமன்பாட்டையும் இங்கேயே எழுதலாம். தமிழை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் ஒழுங்கானதும் வெறுமையான இடத்தில் ஒரு கிளிக். இது சின்ன விஷயம், ஆனால் தவறவிடாதீர்கள். ஏதாவது ஒரு படம் தெரிவாகி இருக்கும்போது ஏற்றுமதி செய்தால், தெரிவானது மட்டும் என்ற பெட்டியில் சரி விழுந்து, ஒற்றைப் படம் மட்டும் வெளியே வரலாம். ஃபைல், எக்ஸ்போர்ட், வகை பிஎன்ஜி. ரெசலூஷன் 300 என்று கொடுத்தால் அகலம் 2008, உயரம் 1063 பிக்சல் அளவில் காட்டும். மேசையில் எழுதி வைத்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள். சேமியுங்கள்.

ட்ரோ இல்லாதவர்கள் விண்டோஸில் இருக்கும் பெயின்டிலேயே ஒப்பேற்றலாம். இடப்படத்தைத் திறந்து கண்ட்ரோல் ஈ அடித்து அகலத்தை 2008 ஆக்குங்கள், வலப்பக்கம் வெள்ளை இடம் விரியும். பேஸ்ட் ஃபுரொம் மூலம் வலப்படத்தைக் கொண்டுவந்து ஓரம் வரை தள்ளுங்கள். ஆனால் பெயின்டில் ஒட்டியது ஒட்டியதுதான். பிறகு திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொலைபேசி மட்டும் உள்ள பிள்ளைகள் ஜியோஜெப்ரா செயலியில் வரைந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பலாம். பார்க்க அது போதும், அச்சுக்குப் போதாது.

அனுப்பும்போதும் அடிக்கும்போதும்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அமுக்கிச் சின்னதாக்கிவிடும். பின்னேரம் கல்லடிப் பாலத்தைக் கடந்து கொமினிக்கேசனுக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. எண்களைச் சுற்றி அழுக்குப் பூசிய மாதிரி இருந்தது. கடைக்கார அண்ணன் மெஷினைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பாவம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதே வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள், பிக்சல் ஒன்றும் குறையாமல் போகும்.

வேர்டில் படத்தைப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. சேமிக்கும்போது வேர்டும் தன் பாட்டுக்குப் படத்தை அமுக்கும், வழமையாக அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு இறக்கிவிடும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய், கோப்பிலுள்ள படங்களை அமுக்க வேண்டாம் என்ற வரியில் சரி போடுங்கள். படத்தின் அகலம் 17 சென்டிமீட்டராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரிண்ட் பெட்டியில் ஃபிட் என்று இருந்தால் அதை மாற்றி ஆக்சுவல் சைஸ், அல்லது 100 சதவீதம் என்று வையுங்கள். ஃபிட் என்றால் பக்கத்தைச் சுருக்கிவிடும், 1 சென்டிமீட்டர் 0.95 ஆகிவிடும். முதல் பிரதி வந்ததும் ரூலரை வைத்து 0 இலிருந்து 4 வரை அளங்கள். 4 சென்டிமீட்டர் இருந்தால்தான் மிச்சப் பிரதிகளுக்குச் சொல்லுங்கள். இரண்டு வரைபிலும் அளங்கள். நாம் அளக்காவிட்டால் பின்வாங்கில் ஒருவன் அளப்பான்.

கம்பஸ் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பழைய மாணவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சேர், பைதனில் நாலு வரிதானே" என்பார்கள். உண்மைதான். பைதனில் வரைபு வரையப் பாவிக்கும் மட்பிளொட்லிப்பில் சப்பிளொட்ஸ் கட்டளைக்கு 1, 2 என்று கொடுத்தால் ஒரே படத்துக்குள் இரண்டு வரைபு பிறக்கும், ஒட்ட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் அவர்கள் அனுப்பும் அறிக்கைகளிலும் அதே பழைய பிழையைக் காண்கிறேன். ஷேர்எக்ஸ், ஷேர்வை இரண்டையும் ட்ரூ என்று கொடுக்காவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு வரைபுக்கும் தன் விருப்பப்படி அளவு போடும். படத்தின் அளவை ஃபிக்சைஸில் அங்குலத்தில் கொடுக்க வேண்டும். 17 சென்டிமீட்டர் 6.69 அங்குலம், 9 சென்டிமீட்டர் 3.54 அங்குலம். சேவ்ஃபிக் கட்டளையில் டிபிஐ 300.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. சேவ்ஃபிக்கை ஷோ கட்டளைக்கு முன்னால் எழுதுங்கள். சாதாரண ஸ்கிரிப்டில் ஷோ முடிந்து சாளரத்தை மூடியதும் படம் கைவிட்டுப் போய்விடும், பிறகு சேமித்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் வரும். இரண்டாவது, ஓரங்களை வெட்ட பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் டைட் என்ற விருப்பம். அது வெள்ளையை வெட்டும்போது படத்தின் அகலத்தையும் மாற்றிவிடும். 17 என்று கணக்குப் போட்டது 16 சொச்சமாக வெளியே வரும். அதற்குப் பதில் படத்தை உருவாக்கும்போதே லேஅவுட் என்பதற்கு கொன்ஸ்ட்ரெயின்ட் என்று கொடுங்கள். அகலம் அப்படியே இருக்கும், எழுத்தும் ஒன்றோடொன்று மோதாது.

மட்லாப் என்ற கணித மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் டைல்ட்லேஅவுட்டில் இரண்டு வரைபையும் வைத்து, லிங்க்ஆக்சிஸால் அளவைக் கட்டி, எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸால் வெளியே எடுக்கலாம். முதலாவது 2019 இன் இரண்டாம் பதிப்பிலும் கடைசியாகச் சொன்னது 2020 இன் முதற் பதிப்பிலும் வந்தவை. ஆய்வுகூடத்தில் அதற்கு முந்திய பதிப்பு இருந்தால் சப்பிளொட், பிரிண்ட் என்ற பழைய வழிதான். எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸுக்கு முழுப் படத்தைக் கொடுக்க வேண்டும், ஒரு அச்சைக் கொடுத்தால் அந்த ஒரு வரைபு மட்டும்தான் வரும். ஜியோஜெப்ராவில் முட்டிய அதே சுவர். வேறு கணித மென்பொருள்களிலும் இதே வேலைக்குக் கட்டளை உண்டு: மத்தமற்றிக்காவில் கிராஃபிக்ஸ்ரோ, சேஜில் கிராஃபிக்ஸ்_அரே. பெயர்தான் வேறு.

கடைசியில் சொல்கிறேன் என்ற தமிழ் விஷயம். மட்பிளொட்லிப்பில் தமிழில் தலைப்பு எழுதினால் முதலில் வெறும் சதுரப் பெட்டிகள் வரும். எழுத்துருவில் தமிழ் இல்லை என்று அர்த்தம். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் பெட்டிகள் போய்விடும், ஆனால் நான் பாவிக்கும் பதிப்பில் கொம்பு இடம் மாறிவிடுகிறது. "வெப்பநிலை" என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், இணைக் கொம்பும் லகரத்துக்குப் பின்னால் ஓடிவிடும். எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் வேலையை அது செய்யாமல் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வைத்துவிடுகிறது. இதோடு மல்லுக்கட்டி ஒரு இரவைத் தொலைத்திருக்கிறேன். இப்போது வரைபில் எண்கள் மட்டும் வரும்படி ஏற்றுமதி செய்து, ட்ரோவில் 17 சென்டிமீட்டர் பக்கத்தில் படத்தை வைத்து, அச்சுப் பெயர்களையும் தலைப்பையும் அங்கே தமிழில் எழுதிவிடுகிறேன். கொம்பு தன் இடத்திலேயே நிற்கிறது.